ஸ்பிரிங், ஷாக் மாற்றியபின் வந்த ஆறு தொல்லைகளும் அவற்றைத் தேட வேண்டிய வரிசையும்

முதலில் நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்டபடி சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், தப்பாக இருந்தால் திருத்துங்கள். 2013 ஸ்விஃப்ட் டீசல். 40 மில்லிமீட்டர் இறங்கும் என்று சொல்லி விற்ற லோயரிங் ஸ்பிரிங் ஒரு கடையில், குமிழ் திருகி அட்ஜஸ்ட் செய்யும் கேஸ் ஷாக் இன்னொரு கடையில் வாங்கி, பக்கத்துப் பட்டறையில் மாட்டியிருக்கிறீர்கள். ஆறு வாரம், 1500 கிலோமீட்டர் ஆகிவிட்டது. முன்பக்கம் 55 மிமீ இறங்கிவிட்டது, பின்பக்கம் 28 தான். நின்ற இடத்தில் ஸ்டீரிங்கைத் திருப்பினால் 'டொய்ங்' என்று ஒரு சத்தம். சின்னச் சின்னக் குழியில் 'டக் டக்'. வேகத்தடையில் 'டொம்' என்று ஒரு இடி, ஷாக்கை எட்டு கிளிக் தளர்த்தியும் அது குறையவில்லை. முன் டயர் இரண்டும் உள்பக்கம் தேய்கிறது. வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. மூன்று முறை அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தை அளந்து சரிசெய்வது) பார்த்தும் பயனில்லை, அதனால் ஷாக் மட்டமானது, வேறு ஷாக் வாங்கலாமா என்று கேட்கிறீர்கள்.

வாங்க வேண்டாம். நீங்கள் எழுதியதில் ஷாக் மேல் சந்தேகப்பட ஒரு வரிகூட இல்லை. அலைன்மென்ட் எல்லாம் முடிந்தபின் கடைசியாகச் செய்யும் வேலை, அதை முதலில் செய்ததால்தான் மூன்று முறை காசு கொடுத்திருக்கிறீர்கள்.

உயரத்திலிருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் பாதிப் பிரச்சினை அங்கேதான். உயரத்தைத் தரையிலிருந்து அளக்காதீர்கள், டயர் காற்று குறைந்தாலே கணக்கு மாறிவிடும். வீலின் நடு மையத்திலிருந்து நேர் மேலே ஃபென்டர் விளிம்பு வரை டேப் வைத்து நான்கு பக்கமும் அளந்து எழுதுங்கள், ஒருமுறை காலி வண்டியில், ஒருமுறை நீங்கள் சீட்டில் உட்கார்ந்திருக்கும்போது வேறொருவரை அளக்கச் சொல்லி. ஜாக்கி போட்டு இறக்கிய உடனே அளந்தாலும் தப்பான எண்தான் வரும், வண்டியைப் பத்து அடி முன்னும் பின்னும் உருட்டிவிட்டு அளக்க வேண்டும்.

சரி, ஏன் 40-க்குப் பதில் 55? ஸ்பிரிங் வந்த பெட்டியில் மாடல் விவரத்தைப் படித்துப் பாருங்கள். என் கணிப்பு, அது பெட்ரோல் ஸ்விஃப்ட்டுக்கான ஸ்பிரிங். உங்கள் வண்டி பெட்ரோல் வண்டியைவிட ஏறக்குறைய 100 கிலோ கூடுதல் எடை, அதில் பெரும்பகுதி இன்ஜின், அதாவது முன் அச்சின் மேல். 80 கிலோ முன்னால் என்று வைத்துக்கொண்டால் ஒரு பக்கத்துக்கு 40 கிலோ, சுமார் 400 நியூட்டன். ஸ்பிரிங்கின் விறைப்பு மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் என்று வைத்தால், அந்த 40 கிலோ மட்டுமே வண்டியை 16 மிமீ அமுக்கிவிடும். 40-உம் 16-உம் கூட்டிப் பாருங்கள். டேப்பில் வந்த 55-க்கு இதைவிடப் பொருத்தமான காரணம் எனக்குத் தோன்றவில்லை. விற்கிறவர் "ஸ்விஃப்ட்டுக்கு" என்று கேட்டதும் எடுத்துக் கொடுத்திருப்பார். பெட்ரோலா டீசலா என்று அவர் கேட்கவில்லை, நீங்களும் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

பின்பக்கம் 28 மட்டும் இறங்கியதற்குக் காரணம் வேறு. நீங்கள் போட்டிருப்பது அதிக அழுத்தக் கேஸ் நிரப்பிய ஒற்றைக்குழாய் ஷாக் என்றால், அந்தக் கேஸே வண்டியைத் தூக்கும். உள்ளே 20 பார் அழுத்தம், தண்டின் விட்டம் 12.5 மிமீ என்றால், அந்தத் தண்டை வெளியே தள்ளும் விசை சுமார் 245 நியூட்டன், அதாவது 25 கிலோ. பின் ஸ்பிரிங் மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் என்றால் 12 மிமீ தூக்கல். 40-இல் 12 போனால் 28. பழைய ஷாக்கையும் புதியதையும் தரையில் நிறுத்தி உள்ளங்கையால் அமுக்கிப் பாருங்கள், புதியது கையை எதிர்த்துத் தள்ளுவது தெரியும். இதைப் பழுது என்று சொல்ல முடியாது. ஸ்பிரிங் ஒருவர், ஷாக் ஒருவர் என்று வாங்கும்போது இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட ஆள் இல்லாமல் போகிறது, அவ்வளவுதான்.

இப்போது அந்த 'டொம்'. நீங்கள் எழுதியதிலேயே எனக்கு மிகவும் பிடித்த வரி "எட்டு கிளிக் தளர்த்தியும் மாறவில்லை" என்பதுதான், பதில் அதற்குள்ளேயே இருக்கிறது. ஷாக்கின் இறுக்கத்தால் வந்த அடி என்றால் எட்டு கிளிக்குக்கு நிச்சயம் வித்தியாசம் தெரியும். தெரியவில்லை என்றால் அடி ஷாக் எண்ணெயிலிருந்து வரவில்லை, வண்டி பம்ப் ஸ்டாப் ரப்பரின் மேல், அதாவது ஷாக் முழுக்க அமுங்கும்போது கடைசியில் தடுக்கும் ரப்பரின் மேல், உட்கார்ந்திருக்கிறது. 55 மிமீ இறங்கிய வண்டியில், ஸ்டாக் நீளத்திலேயே (கம்பெனியில் வந்த அளவிலேயே) இருக்கும் ஸ்ட்ரட்டில் (ஸ்பிரிங்கைச் சுமக்கும் முன்பக்க ஷாக்), மேலே போக மிச்சம் இருப்பது இரண்டு விரல்கடை இருந்தால் அதிகம். முதல் சின்ன மேட்டிலேயே அது தீர்ந்துவிடும், அதற்குப்பின் ஸ்பிரிங்கும் கிடையாது, ஷாக்கும் கிடையாது, ரப்பர் மட்டும்தான்.

இதை ஊகிக்க வேண்டியதில்லை, நேரில் பார்த்துவிடலாம். ஒரு ரூபாய்க்குக் கிடைக்கும் பிளாஸ்டிக் ஜிப் டை ஒன்றை எடுத்து, தூசி உறையை மேலே தூக்கிவிட்டு, ஷாக்கின் பளபளக்கும் தண்டைச் சுற்றி மாட்டி, நழுவும் அளவுக்கு மட்டும் இறுக்கி, கீழே உடலோடு ஒட்டி இறக்கிவிடுங்கள். வண்டியைத் தரையில் இறக்கி உங்கள் வழக்கமான தெருவில் ஒரு சுற்று. திரும்பி வந்து பார்த்தால் ஸ்ட்ரட் எவ்வளவு அமுங்கியது என்பது அந்த டை நிற்கும் இடத்தில் தெரியும். பம்ப் ஸ்டாப்பில் முட்டிக்கொண்டு, ரப்பரின் அடிவிளிம்பு நசுங்கி, எண்ணெய்ப் பூச்சு துடைத்த மாதிரி ஒரு வளையம் விழுந்திருந்தால் வழக்கு முடிந்தது. இந்தச் சோதனையைச் செய்யாமல் யார் "ஷாக் போச்சு" என்று சொன்னாலும் நம்ப வேண்டாம்.

இந்த இடத்தில் பட்டறையில் இரண்டு யோசனை சொல்வார்கள், இரண்டும் வேண்டாம். ஒன்று, பம்ப் ஸ்டாப்பைப் பாதியாக வெட்டிவிடலாம் என்பது. ஸ்ட்ரட்டின் உடல் குட்டையாக இல்லாதபோது ரப்பரை வெட்டினால் உள்ளே பிஸ்டன் அடிவால்வில் போய் மோதும், அப்புறம் நிஜமாகவே ஷாக் போய்விடும். இன்னொன்று, பழைய ஸ்டாக் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டிப் போடலாம் என்பது. ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் மிச்சம் இருப்பது 20 சதவீதம் விறைத்துவிடும், வெட்டிய நுனி அதன் இருக்கையில் (ஸ்பிரிங் உட்காரும் தட்டில்) சரியாகவும் உட்காராது. ஸ்பிரிங்கில் சின்ன மாற்றத்துக்குப் பெரிய விளைவு உண்டு. கம்பியின் விட்டம் 12 மிமீ-யிலிருந்து 13 ஆனாலே விறைப்பு 38 சதவீதம் கூடும், ஏனென்றால் விட்டத்தின் நான்காம் அடுக்கில் அது ஏறுகிறது. "இரண்டு ஸ்பிரிங்கும் பார்க்க ஒரே மாதிரிதானே" என்பது ஸ்பிரிங் விஷயத்தில் செல்லாத பேச்சு.

சத்தங்களுக்கு வருகிறேன். 'டொய்ங்' சத்தம் கேட்க பயமாக இருக்கும், ஆனால் கண்டுபிடிக்க எளிது. ஒருவரைச் சீட்டில் உட்காரவைத்து, இன்ஜினை ஓடவிட்டு, ஸ்டீரிங்கை மெதுவாக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பச் சொல்லுங்கள். நீங்கள் வீல் வளைவுக்குள் கைவிட்டு ஸ்பிரிங்கின் ஒரு சுற்றின் மேல் இரண்டு விரலை லேசாக வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு சுற்றுக்கு நடுவே விரலை விடாதீர்கள். நல்ல வண்டியில் ஸ்பிரிங் ஸ்ட்ரட்டோடு சேர்ந்து அமைதியாகத் திரும்பும். உங்கள் வண்டியில் அது திரும்பாமல் முறுகி முறுகிப் போய், ஒரு கட்டத்தில் விரலுக்கடியில் 'டக்' என்று துள்ளி விடுபடும், அந்த நொடியில்தான் சத்தம். அதே சமயம் பானெட்டைத் திறந்து மேல் மவுண்ட்டின் (ஸ்ட்ரட்டின் உச்சியை வண்டி உடலோடு பிடிக்கும் பாகம்) நடு நட்டையும் தொட்டுப் பார்க்கலாம்.

முறுகுவதற்குக் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. ஸ்ட்ரட் மவுண்ட் பேரிங் பழையதையே போட்டு அது இறுகிப்போயிருக்கும். அல்லது பேரிங்கைத் தலைகீழாக மாட்டியிருப்பார்கள், அதற்கு மேல்பக்கம் கீழ்ப்பக்கம் உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. அல்லது ஸ்பிரிங்கின் கீழ்நுனி, இருக்கையில் உள்ள படியில் போய் முட்டாமல் தள்ளி உட்கார்ந்திருக்கும். கடைசியானதைக் கழற்றாமலே டார்ச் அடித்துப் பார்க்கலாம். நுனிக்கும் படிக்கும் நடுவில் விரல் நுழைகிற இடைவெளி இருந்தால் அதுதான். என்னிடம் ஒரு வண்டி இதே சத்தத்தோடு வந்தது, ஏற்கெனவே ஸ்டீரிங் ராக்கையே மாற்றிவிட்டார்கள், கடைசியில் பார்த்தால் பேரிங் தலைகீழ். பேரிங்கின் விலையையும் ராக்கின் விலையையும் நினைத்து அந்த மனிதர் கொஞ்சநேரம் பேசாமல் நின்றார்.

சரிசெய்ய ஸ்ட்ரட்டைக் கழற்ற வேண்டும், ஸ்பிரிங் கம்ப்ரஸர் வேண்டும். வீட்டில் முயன்றால் ஒன்று மட்டும் கேளுங்கள், அமுக்கிய ஸ்பிரிங்கின் நேர் எதிரே முகமோ மார்போ வராமல் நில்லுங்கள், இரண்டு கொக்கியையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். நம்பிக்கை இல்லையென்றால் பட்டறைக்கே கொடுத்துவிடுங்கள்.

சின்னக் குழியில் வரும் 'டக் டக்' வேறு ஆள். பெரிய பள்ளத்தில் அடங்கி, மோசமான தார் ரோட்டில் மெதுவாகப் போகும்போது மட்டும் கேட்கிறது என்கிறீர்கள். அது லிங்க் ராடாக (திருப்பத்தில் வண்டி சாயாமல் தடுக்கும் கம்பியின் இணைப்புத் தண்டு) இருக்கலாம், அல்லது மேல் மவுண்ட்டின் நடு நட்டாக இருக்கலாம். லிங்க் ராடின் நட்டை இறுக்கும்போது உள்ளே பால் ஸ்டட்டும் சேர்ந்து சுற்றும், அதை ஆலன் கீயால் பிடித்துக்கொண்டு இறுக்காவிட்டால் இறுகிய மாதிரி தெரியும், இறுகியிருக்காது. இரண்டு பக்க லிங்க் ராடையும் கழற்றி, தொங்கும் முனைகளைக் கட்டிவைத்துவிட்டுத் தெருவில் 20 வேகத்தில் ஒரு சுற்று போங்கள். சத்தம் நின்றால் அதுதான். அப்படியே மெயின் ரோட்டுக்குப் போய்விடாதீர்கள், திருப்பத்தில் வண்டி நன்றாகவே சாயும்.

நிற்கவில்லையென்றால் நடு நட்டு. வெளிச்சந்தை ஷாக்கின் தண்டு சில நேரம் ஸ்டாக் தண்டைவிட மெல்லியதாக இருக்கும், அந்த வித்தியாசத்தை அடைக்க ஒரு சின்னக் குழல் அல்லது வாஷர் பெட்டியிலேயே பொட்டலமாகக் கொடுத்திருப்பார்கள். பட்டறைக்காரர் அதை மிச்சச் சாமான் என்று நினைத்து டப்பாவில் போட்டுவிடுவார். ஷாக் பெட்டி இன்னும் வீட்டில் இருந்தால் அடியில் தேடிப் பாருங்கள், நான் கேலி செய்யவில்லை.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் நான் முதலில் சந்தேகப்படுவது. லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைக் கீழே பிடிக்கும் கையின் ரப்பர் மூட்டு) போல்ட்டை எந்த நிலையில் இறுக்கினார்கள்? ஜாக்கியில் வண்டி தூக்கியிருக்க, வீல் தொங்கிக்கொண்டிருக்கும்போது இறுக்கியிருந்தால் தப்பு. அந்தப் புஷ்ஷில் ரப்பர் உள் குழலோடும் வெளி உறையோடும் ஒட்டியிருக்கிறது. தொங்கும் நிலையில் இறுக்கினால் அதுவே அதன் ஓய்வுநிலை ஆகிவிடும், வண்டியைத் தரையில் இறக்கியதும் ரப்பர் முறுகியபடியே நிற்கும், இருபத்துநாலு மணி நேரமும். இறக்கிய வண்டியில் அந்த முறுக்கு இன்னும் கூடுதல். சொந்த அனுபவம்தான், முதன்முதலில் என் வண்டிக்கு நானே ஸ்பிரிங் மாற்றியபோது எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு இதைத் தொங்கலில் இறுக்கினேன், நாலே மாதத்தில் ரப்பர் கிழிந்து பிரேக் பிடித்தால் முன்சக்கரம் நகர்வது கையில் தெரிய ஆரம்பித்தது. சரியான முறை, போல்ட்டை ஒரு சுற்று தளர்த்தி, வண்டியைத் தரையில் இறக்கி, ரெண்டு முறை அமுக்கி, உருட்டி, அடியில் ஆள் இறங்கும் பள்ளமோ வண்டியை ஏற்றி நிறுத்தும் சாய்தளமோ இருக்கும் இடத்தில் சக்கரம் எடையைத் தாங்கியபடியே இறுக்குவது. பின் அச்சின் புஷ்ஷுக்கும் இதே விதி.

இழுப்புக்கு வருவோம். நம் ரோடு மழைநீர் வடிய ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கும், நாம் ஓட்டுவது இடப்பக்கம், ஆக லேசான இடப்பக்கச் சாய்வு எல்லா வண்டிக்கும் உண்டு. ஆனால் நீங்கள் அனுப்பிய அலைன்மென்ட் தாளில் இடது கேம்பர் (சக்கரம் சாயும் கோணம், தலை உள்ளே சாய்ந்தால் மைனஸ்) மைனஸ் 0.6, வலது மைனஸ் 1.4. கேம்பர் எந்தப் பக்கம் பிளஸ்ஸை நோக்கி இருக்கிறதோ அந்தப் பக்கம் வண்டி இழுக்கும், உங்களுக்கு அது இடது. ஸ்ட்ரட்டையும் வீல் நக்கிளையும் (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) பிடிக்கும் இரண்டு போல்ட்டின் துளைகளில் கொஞ்சம் தளர்வு உண்டு, ஒரு பக்கம் உள்ளே தள்ளியும் மறுபக்கம் வெளியே இழுத்தும் இறுக்கினால் இப்படி வித்தியாசம் வரும். தளர்த்தி, இடது வலது இரண்டையும் ஒரே மாதிரி தள்ளிப் பிடித்து, டார்க் ரென்ச்சால் இறுக்கச் சொல்லுங்கள். அதற்குப் பின்னும் இழுத்தால் முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள், இழுப்பு திசை மாறினால் குற்றவாளி டயர்.

டயர் தேய்வதற்கு எல்லோரும் கேம்பரைத்தான் திட்டுவார்கள். ஒன்றரை டிகிரிக்குள் இருக்கும் கேம்பர் டயரை அவ்வளவு சீக்கிரம் தின்னாது, தின்பது டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் நேர்கோட்டிலிருந்து உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம். உங்கள் முதல் தாளில் ஒவ்வொரு முன்சக்கரமும் அரை டிகிரி வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. அரை டிகிரி என்றால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கிட்டத்தட்ட 9 மீட்டர் டயர் பக்கவாட்டில் இழுபடுகிறது. 1500 கிலோமீட்டரும் அப்படியே ஓடியிருந்தால் 13 கிலோமீட்டர், ரோட்டில் தேங்காய் துருவின மாதிரி. மூன்று முறை சரிசெய்தும் ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது என்றால், உயரம் நிலையாக இல்லை, புஷ் முறுகியிருக்கிறது, ஸ்ட்ரட் போல்ட்டும் சந்தேகம். இவற்றில் ஒன்று அசைந்தாலும் டோ அசையும்.

என்ன செய்ய வேண்டும் என்றால், முன் ஸ்பிரிங் இரண்டையும் திருப்பிக் கொடுத்து டீசலுக்கானதை வாங்குங்கள், 30 மிமீ இறக்கம் போதும், கிடைக்காவிட்டால் 40. கடைக்காரர் மாற்றித் தர மறுத்தால் ஸ்டாக் ஸ்பிரிங்கையே இந்தப் புது ஷாக்கோடு போட்டு ஓட்டிப் பாருங்கள், நிறையப் பேர் அங்கேயே திருப்தியாகி நின்றுவிடுகிறார்கள். பின்பக்கத்தைத் தொடவே வேண்டாம். முன்னால் 30 இறங்கினால் பின்னால் இப்போதுள்ள 28 கச்சிதமாகப் பொருந்திவிடும், பின்சீட்டில் ஆள் ஏறினாலும் வால் தொங்காது.

'6கே' என்று எழுதிய கடினமான ஸ்பிரிங்கைப் போடச் சொல்லி யாராவது ஆசை காட்டுவார்கள். மில்லிமீட்டருக்கு 6 கிலோ என்று அர்த்தம், சுமார் 59 நியூட்டன். ஒரு முன்மூலையில் 300 கிலோ என்று கொண்டால், ஸ்டாக் போன்ற 20 நியூட்டன் ஸ்பிரிங்கில் உடல் விநாடிக்கு 1.3 முறை ஆடும், 6கே-யில் 2.2 முறை. ரேஸ் டிராக்கில் அது சுகம். இந்திய ரோடு காங்கிரஸ் வேகத்தடைக்குச் சொல்லும் அளவு 100 மிமீ உயரம், 3.7 மீட்டர் அகலம், நம் தெருவில் அப்படி ஒன்றை நீங்கள் பார்த்திருந்தால் எனக்கும் காட்டுங்கள். ஸ்டாக் ஸ்விஃப்ட்டின் தரை இடைவெளியே 170 மிமீ, அதில் 55 போனால் என்ன மிஞ்சும் என்று உங்கள் வண்டியின் அடிவயிற்றைக் கேட்டால் தெரியும்.

குமிழைப் பற்றி ஒரு வார்த்தை. முழுக்க இறுக்கி, அங்கிருந்து பின்னோக்கிக் கிளிக்குகளை எண்ணி, இடம் வலம் இரண்டிலும் ஒரே எண் வையுங்கள். நெடுஞ்சாலையில் வரிசையாக வரும் வெள்ளைப் பட்டை மேடுகளில் போகும்போது வண்டி ஒவ்வொன்றுக்கும் இன்னும் இன்னும் கீழே பதுங்கிக்கொண்டே போனால் திரும்பி எழும் வேகம் போதவில்லை, தளர்த்துங்கள். மேடு முடிந்தபின்னும் இரண்டு மூன்று முறை துள்ளினால் இறுக்குங்கள். ஒரு தடவைக்கு இரண்டு கிளிக்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றுவதைப் பற்றியது, விபத்துக் காப்பீட்டில் கேள்வி வரலாம் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் இரும்புக்கடையில் போடாதீர்கள்.

புது ஸ்பிரிங், பேரிங், புஷ் எல்லாம் முடிந்ததும் 300 முதல் 500 கிலோமீட்டர் ஓட்டுங்கள், ஸ்பிரிங் கொஞ்சம் படியும். மறுபடி அதே டேப்பில் நான்கு பக்கமும் அளந்து, இடம் வலம் 5 மிமீ-க்குள் இருந்தால் அப்புறம் அலைன்மென்ட், அதுவும் டேங்க் பாதி நிறைந்து, நீங்கள் தினமும் ஓட்டும் சுமையோடு. பின்பக்கம் முறுக்கு அச்சு, அங்கே திருக எதுவும் இல்லை, "பின்னாலும் சரிபண்ணிட்டேன்" என்று காசு கேட்டால் எதைத் திருகினார் என்று காட்டச் சொல்லுங்கள். ஹெட்லைட் உயரத்தையும் அன்றே சரிசெய்துவிடுங்கள், இப்போது மூக்கு இறங்கி இருப்பதால் இரவில் உங்களுக்கு ரோடு பாதிதான் தெரிந்துகொண்டிருக்கும். ஜிப் டை எங்கே நின்றது என்பதை மட்டும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், ஸ்பிரிங்கைக் கழற்றும் முன்.